'நியாயப்படுத்துதல்' என்று எழுதினால் ஏன் திட்டுவது போல இருக்கிறது?

காட்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆங்கில விண்ணப்பம் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கிறாராம். அதில் ஊர்க் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கும் செலவுக்கு 'ஜஸ்டிஃபிகேஷன்' என்று, அதாவது அந்தச் செலவு ஏன் சரி என்று காட்டச் சொல்லி, ஒரு தலைப்பு. அகராதியைப் பார்த்து 'செலவை நியாயப்படுத்துதல்' என்று போட்டாராம். படித்துப் பார்த்த மேலதிகாரி, "என்னப்பா இது, நாமே திருடிட்டு நாமே சப்பைக்கட்டு கட்டுற மாதிரி இருக்கு" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டாராம். அகராதியில் இருக்கிற சொல்தானே, அதில் என்ன தப்பு, அப்புறம் நியாயம், காரணம், விளக்கம், சமாதானம், சாக்கு, முகாந்திரம் என்று இத்தனை இருக்கிறதே, எதை எங்கே வைப்பது என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் மேலதிகாரிக்கு நல்ல காது. அகராதி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லின் வாலில் ஒரு 'படுத்து' இருக்கிறது, வம்பு அதில்தான்.

சுத்தப்படுத்து, சமன்படுத்து, அமைதிப்படுத்து, அழகுபடுத்து. இதிலெல்லாம் முன்னால் அந்தக் குணம் இல்லை, நாம் போய்த்தான் கொண்டுவருகிறோம். கழுவிக் கவிழ்த்து வைத்த சொம்பை யாரும் சுத்தப்படுத்துவதில்லை. அப்படியானால் நியாயமாகவே இருக்கிற ஒரு காரியத்தை எதற்காக நியாயப்படுத்த வேண்டும்? அந்த வினையைச் சொன்ன மாத்திரத்திலேயே 'இதில் நியாயம் கிடையாது, இவர் மேலே பூசுகிறார்' என்று கேட்கிறவர் காதில் விழுந்துவிடுகிறது. கவனித்துப் பாருங்கள், லஞ்சத்தை நியாயப்படுத்துகிறார், அடிதடியை நியாயப்படுத்துகிறார் என்போம். அன்னதானத்தை நியாயப்படுத்துகிறார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் எதிர்மறையில்தான் அது வரும்: "அவன் அடிச்சதை நான் நியாயப்படுத்தலை, ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் அரை மணி நேரம் அதுதான் நடக்கும், அது வேறு கதை.

ஆங்கிலச் சொல் இரண்டு பக்கமும் போய்வரும். உள்ள நியாயத்தை எடுத்துக் காட்டுவதற்கும் அதுவே, இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்கும் அதுவே. தமிழில் ஒரே சொல்லை வைத்து இரண்டையும் ஓட்ட முடியாது, ஏனென்றால் சொல்லப்பட்டதை நம்பினோமா இல்லையா என்பதைப் பொறுத்து நாம் சொல்லையே மாற்றிவிடுகிறோம். நான் சொன்னால் காரணம், நீங்கள் சொன்னால் சாக்கு.

எனக்கு இது புரிந்தது ஒரு பஞ்சரால். வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில், எது என்று வேண்டாம், முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மெமோ எழுதியும் இருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். ஒருநாள் பாகாயத்திலிருந்து வந்த டவுன் பஸ் பாதி வழியில் டயர் போய் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரத் தாமதம். மறுநாள் மேசையில் ஒரு குறிப்பாணை: காலதாமதமாக வந்தமைக்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் கூறுவதற்குச் சமாதானம் ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை தொடரப்படும். பஸ் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று முடித்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கோப்பு என் கைக்கே வந்தபோது பார்த்தேன், ஓரத்தில் பென்சிலால் யாரோ ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள்: சாக்கு. அதே பஸ், அதே டயர். என் வாயில் காரணமாகக் கிளம்பியது, தாளில் விளக்கம் ஆனது, மாடி ஏறினதும் சாக்கு ஆகிவிட்டது.

இதில் 'விளக்கம்' மட்டும்தான் சாதுவான சொல். என்ன நடந்தது என்று வெளிச்சம் போட்டுக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது, சரியா தப்பா என்று அது வாய் திறக்காது. அதனால்தான் அலுவலகங்கள் விளக்கம் கேட்கின்றன, நியாயம் கேட்பதில்லை. அரசு ஊழியர்களுக்கு 17(அ), 17(ஆ) என்றால் அடிவயிறு கலங்கும், ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வருகிற பிரிவுகள் அவை. அதற்குக்கூட நாம் எழுதிக் கொடுப்பது விளக்கம்தான்.

'சமாதானம்' ரொம்ப சுவாரசியமான சொல். இன்றைக்குச் சண்டை ஓய்வது, மனம் அடங்குவது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய சாஸ்திர நூல்களிலும் உரைகளிலும் அது ஆட்சேபத்துக்குச் சொல்லும் பதில். ஒருவர் தடை எழுப்புவார், ஆசிரியர் அதற்குச் சமாதானம் சொல்லுவார். தமிழில் தடை, விடை என்பார்கள். என் குறிப்பாணையில் இருந்த சமாதானம் அந்தப் பரம்பரை. வீட்டுக்குள் வரும்போது அதே சொல் கொஞ்சம் இளைத்துப் போய்விடுகிறது. இரவு நேரம் கழித்து வந்தால் என் அம்மா, "இன்னாடா சமாதானம் சொல்லிக்கினு கீற?" என்பாள், அங்கே சமாதானம் என்றால் நம்பத் தகாத பதில் என்று பொருள். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது மனச் சமாதானம்.

ஜஸ்டிஃபிகேஷன், சமாதானம் என்ற இரண்டு சங்கதியும் ஒரே வரியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தமிழ் வேதாகமத்தில் ரோமர் 5ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் திறக்க வேண்டும். ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கிய மண் இது, எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை அந்த வசனம் காதில் விழாமல் இருக்காது. 'விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்' தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம் என்று போகும். கிறிஸ்தவ இறையியலில் ஜஸ்டிஃபிகேஷன் என்பது இந்த நீதிமானாக்கப்படுதல். மனிதன் தன் நற்செயலால் நீதிமான் ஆகிறானா, விசுவாசத்தினால் மட்டுமா, கடவுள் அவனை நீதிமான் என்று அறிவிக்கிறாரா அல்லது உள்ளபடியே ஆக்குகிறாரா என்பதெல்லாம் 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் காலத்துத் திருச்சபைப் பிளவின் நடுவில் இருந்த வழக்கு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபைகளும் இது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். தமிழில் 'ஆக்கப்படுதல்' என்று பெயர்த்தபோதே அந்த விவாதத்தில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி எனக்குத் தோன்றும். கத்தோலிக்கரின் திருவிவிலியம் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்று வேறு வழியில் போகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் இடத்தில் மிகக் கவனமாக இருந்திருக்கிறார்கள்: ஒருவன் தானாகவே தன்னை உயர்த்திக் காட்டும் அந்த இடத்தில் 'ஆக்கு' வரவில்லை. லூக்கா 10இல் நல்ல சமாரியன் கதைக்கு முன்னால் கேள்வி கேட்கிற நியாயசாஸ்திரி, 'தன்னை நீதிமான் என்று காண்பிக்க மனதாய்' கேட்டான் என்று இருக்கும். காண்பிக்க! தம்பி, உங்கள் மேலதிகாரியின் காதில் விழுந்தது இந்தக் 'காண்பிக்க'தான்.

சரி, சாக்குக்கு வருவோம். மண்டித் தெருவில் அரிசி வைத்துத் தைக்கிற சாக்கு வேறு, இது வேறு. ஆனால் இரண்டிலும் எதை வேண்டுமானாலும் போட்டுக் கட்டலாம். சாக்கு பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. "வெயிலைச் சாக்கு வைத்து நாலு மணி வரைக்கும் தூங்கினான்" என்றால் வேலூர் வெயில் பொய்யா? வெயில் உண்மை, தூக்கத்துக்கு அதுதான் காரணம் என்பதுதான் பொய். சாக்கு நிற்காமல் தடுமாறினால் நொண்டிச்சாக்கு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தால் சால்ஜாப்பு. செய்தாகிவிட்ட தப்புக்கு மேலே வலுவில்லாத வாதத்தை வைத்துக் கட்டினால் சப்பைக்கட்டு. சாக்கு பெரும்பாலும் தனக்காகச் சொல்வது, சப்பைக்கட்டை அடுத்தவருக்காகவும் கட்டலாம். அடுத்தவருக்காகவே பேசுவதற்கென்று 'பரிந்து பேசுதல்' இருக்கிறது, அதில் கொஞ்சம் பாசம் உண்டு. 'வக்காலத்து வாங்குதல்' இருக்கிறது, அதில் பாசத்தைவிட நக்கல் அதிகம். இப்போது பிள்ளைகள் செல்போனில் எழுதுகிற 'முட்டுக் கொடுத்தல்' எனக்கு மிகப் பிடித்த சொல். குலை தள்ளின வாழை சாயாமல் இருக்கக் கழி வைத்து முட்டுக் கொடுப்போமே, அதே முட்டு. தன் கட்சித் தலைவர் என்ன உளறினாலும் போய்க் கழி வைக்கிறவனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எந்த அகராதிக்காரரும் உட்கார்ந்து ஆக்கின சொல் இல்லை, நியாயப்படுத்துதலைவிட நூறு மடங்கு உயிர் உள்ளது.

'காரணம்' எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் ஏமாற்றும். ஒரு காரியம் எதனால் நடந்தது என்பதற்கும் அதுதான், ஒருவன் எதற்காகச் செய்தான் என்பதற்கும் அதுதான். எங்கள் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் வந்த உத்தரவு காரணம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். திப்பு சுல்தானின் பிள்ளைகளை அதே கோட்டையில்தான் வைத்திருந்தார்கள், அவர்கள் தூண்டுதல்தான் காரணம், தலைப்பாகை வெறும் சாக்கு என்று அன்றைக்கே ஒரு தரப்பு பேசியது. உத்தரவு போட்டவர்களுக்கு இந்த இரண்டாவது கதை எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. விசாரணைக் குழு இரண்டையும் காரணமாக எழுதியது. கடைசியில் சென்னை ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் 1807இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அதாவது இரண்டு பக்கமும் நடவடிக்கை. மக்கான் பக்கம் நினைவுத்தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோப்பு ஓரத்துப் பென்சில் எழுத்து ஞாபகம் வரும்: தலைப்பாகை அந்தச் சிப்பாய்க்குக் காரணம், மாடியில் இருந்தவருக்குச் சாக்கு.

நடந்து முடிந்ததற்குப் பின்னால் போய்க் காரணம் ஒட்டுவதற்குத் தமிழில் 'காரணம் கற்பித்தல்' என்று அழகாக ஒரு தொடர் உண்டு. ஆற்காடு என்ற பெயருக்கு ஆறு காடுகள் என்பார்கள், ஆறு ரிஷிகள் ஆறு காட்டில் தவம் செய்தார்கள் என்று கதையும் உண்டு. ஆர் என்றால் ஆத்தி, ஆத்தி மரக்காடு என்பார்கள் இன்னொரு சாரார். சோழன் சூடினது ஆத்தி மாலை என்பதால் இரண்டாவதுக்குத் தமிழ்ப் படித்தவர்களிடம் செல்வாக்கு அதிகம். அது இருக்கட்டும்.

இப்போது 'நியாயம்'. எங்கள் பக்கம் வாய்ச்சொல்லில் அது 'ஞாயம்'. ஊரில் பஞ்சாயத்து கூடினால் ஞாயம் பேசுகிறார்கள் என்போம். இரண்டு தரப்பும் பேசுவது ஞாயம், முடிவில் கிடைப்பதும் ஞாயம். அளவுக்கு மீறி வாதாடுகிறவனைப் பார்த்து "பெரிய ஞாயத்தப் பேச வந்துட்டான்" என்றால் அங்கே அது வசவு. ரேஷன் கடை நியாய விலைக் கடை, அங்கே நியாயம் என்றால் கட்டுப்படியாகிற அளவு. 'நியாயமாப் பார்த்தா' என்றால் முறைப்படி. 'அநியாயம்' மட்டும் தன் வேலையை விட்டுவிட்டு அளவைச் சொல்லப் போய்விட்டது: மே மாதம் இங்கே அநியாயத்துக்கு வெயில் அடிக்கும், என் பேத்தி அநியாயத்துக்கு அழகு.

இந்தச் சொல்லின் படித்த முகம் வேறு. நியாயம் என்பது ஒரு தரிசனத்தின், அதாவது ஒரு தத்துவ மரபின் பெயர், கௌதமர் பெயரில் வழங்குகிற தருக்க சாஸ்திரம். ஒரு விஷயத்தை நிலைநாட்ட ஐந்து படி ஏற வேண்டும் என்கிறது அது. தமிழில் இதைப் படிக்க வடமொழிக்குப் போக வேண்டாம். பாலாற்றோடு கிழக்கே போனால் வருகிற காஞ்சியில் வைத்து அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அந்தக் காப்பியத்தின் 29ஆவது காதையில். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பது போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு உண்டு. இதில் இரண்டாவதாக வருகிற ஏது இருக்கிறதே, அறிவு என்றால் என்ன என்று ஆராய்கிற தத்துவக்காரர்கள் நம்பிக்கைக்கு ஜஸ்டிஃபிகேஷன் வேண்டும் என்று சொல்கிறபோது கேட்பது அதைத்தான். அங்கே போய் 'நம்பிக்கையை நியாயப்படுத்துதல்' என்று பெயர்த்தால் மூட நம்பிக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல ஆகிவிடும். 'தகுந்த ஏது உள்ள நம்பிக்கை', அல்லது 'ஆதாரமுள்ள நம்பிக்கை' போதும்.

நீதிமன்றப் பக்கம் போனால் 'முகாந்திரம்'. வழக்கை எடுத்து நடத்துவதற்கு முதல் பார்வையில் போதுமான அடிப்படை இருக்கிறதா என்பதுதான் அது. முகாந்திரம் இருக்கிறது என்றால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருள் இல்லை, செய்தித்தாள் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 14 முதல் 44 வரையிலான பிரிவுகள் பொது விதிவிலக்குகள், அதாவது எதெல்லாம் குற்றம் ஆகாது என்பது. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகத் திருப்பி அடித்தால் அந்தச் செயலே சரியானது. ஏழு வயது நிரம்பாத குழந்தை ஏதாவது செய்துவிட்டால் செயல் சரி ஆகிவிடாது, ஆனால் குழந்தைமேல் குற்றம் கிடையாது. முன்னதில் நியாயம் இருக்கிறது, பின்னதில் பொறுத்துக்கொள்கிறோம். சட்டக் கல்லூரியில் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லுவார்கள்.

யார் காரணம் காட்ட வேண்டும் என்பதும் ஒரு கேள்வி, அதற்கு எங்கள் மாவட்டமே பாடப்புத்தகம். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தது பற்றி வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. கெடுதல் வந்தது என்று ஊர்க்காரன் நிரூபிக்க வேண்டியதில்லை, கெடுதல் வராது என்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சுமையைத் தோள் மாற்றி வைத்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. அதுவரைக்கும் "வேலை வாய்ப்பு, அந்நியச் செலாவணி" என்பது காரணமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளில் வாய் வைத்தவர்களைக் கேட்டால் அதற்கு வேறு சொல் சொல்லியிருப்பார்கள்.

இலக்கணக்காரர்களை விட்டுவிட்டால் என் தமிழாசிரியர் மன்னிக்கமாட்டார். வழு என்றால் பிழை. ஆனால் காரணத்தோடு வருகிற பிழையை 'வழுவமைதி' என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. பிரியத்தில் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை தவறுகிறது, ஆனாலும் தள்ளமாட்டார்கள், உவப்பினால் சொன்னது என்று அமைத்துக்கொள்வார்கள். பிழை பிழையாகவே இருக்கிறது, அதைச் சரி என்று யாரும் சாதிக்கவில்லை, இடம் மட்டும் கொடுக்கிறார்கள். சட்டக் கல்லூரியில் பக்கம் பக்கமாகச் சொல்வதை நம்மவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வள்ளுவரும் இந்த இடத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறார். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார் (292). பெற்றவள் பசித்திருப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கிற செயலைச் செய்யாதே என்கிறார் (656). சொல்லில் வருகிற வழுவுக்கு அமைதி உண்டு, வினையில் வருகிற வழுவுக்கு அம்மாவின் பசிகூடக் காரணம் ஆகாது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பரிமேலழகர் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவாரோ.

உங்கள் மோட்டார் விஷயம். தலைப்பை 'செலவுக்கான தேவையும் காரணமும்' என்று மாற்றிவிடுங்கள். உள்ளே ஆங்கிலத்தில் 'இந்தச் செலவு ஜஸ்டிஃபைட்' என்று இருக்கிற இடத்தில் 'இந்தச் செலவு நியாயமானது' அல்லது 'இந்தச் செலவு தகும்' என்று போடுங்கள். 'தகும்' பழைய சொல், கையடக்கமானது, யாரையும் உறுத்தாது. 'போதிய ஜஸ்டிஃபிகேஷன் இல்லை' என்று எங்காவது வந்தால் 'உரிய காரணம் காட்டப்படவில்லை'. எதிராளி செய்ததைக் கண்டிக்கிற பத்தி ஏதாவது இருந்தால் மட்டும் நியாயப்படுத்துதலை எடுத்து வையுங்கள், அங்கே அது கத்தி மாதிரி வேலை செய்யும்.

அப்புறம் ஒன்று. அந்தத் தாளை டிடிபி கடையில் கொடுக்கும்போது அவர் "ஜஸ்டிஃபை பண்ணட்டுமா சார்" என்று கேட்பார். வரியின் இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்து வைப்பது அது, நியாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'கருதப்படுவதைக்கொண்டு', 'அளிக்கப்பட்டிருப்பதனால்' மாதிரி நம் அலுவலகத் தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு, வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும், நடுவில் மாடு நுழைகிற அளவுக்குச் சந்து விழும்.